அக்காவின் கைக்கடிகாரமும் நான் சேர்த்த ஒரு வரியும்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பழைய சார்ஜர் வயர்களுக்கு அடியில், ஒரு பெண்கள் கைக்கடிகாரம் கிடக்கிறது. மெல்லிய கறுப்பு வார், சின்ன வட்ட முகம். பேட்டரி தீர்ந்து எப்போதோ நின்றுவிட்டது. ஐந்தருவியில் ஒரு சாரல் நாளில் அக்கா அதைக் கழற்றி என் கையில் வைத்தார். "தம்பி, வாட்சும் போனும் உன் பொறுப்பு. வேற யாருகிட்டயாவது குடுத்தா, என்கிட்ட சொல்லிட்டுக் குடு" என்றார். அருவிக்குப் போனால் ஒருவர் நனையாமல் கரையில் நின்று எல்லோருடைய பொருள்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று எனக்குச் சளி. அதனால் காவல் என் தலையில் விழுந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. தென்காசியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தின் டீம் லீட். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சொந்த ஊரான கடையத்துக்குத் திரும்பினார். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, பஸ் பிடித்துப் பத்து மணிக்குள் இருக்கைக்கு வந்துவிடுவார். அவருக்குத் தெரிந்த வேலைக்கு இந்த வட்டாரத்தில் எங்கள் மாடியை விட்டால் வேறு இடம் கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். அப்போதும் தெரிந்திருந்தது.

ஆலைகளில் பொருள்களைப் படம் பிடித்துச் சரிபார்க்கும் கேமராக்களுக்கு டிரைவர், அதாவது கேமராவைக் கணினியோடு பேசவைக்கும் நிரல் எழுதுவது எங்கள் வேலை. அந்த நிரல் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் அடித்தளத்தில் ஓடுவது. சாதாரண நிரல் ஒன்று மெமரியை வாங்கிவிட்டுத் திருப்பித் தராமல் செத்துப்போனால், கெர்னல் பின்னால் வந்து கூட்டி அள்ளிவிடும். கெர்னலுக்குள்ளேயே நாம் சிந்தினால் அள்ளுவதற்கு ஆள் இல்லை. வாங்கியதை விடாமல் வைத்திருந்தால் மெமரி கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். ஒரே இடத்தை இரண்டு பேர் விடுவித்தால் இன்னும் மோசம். முதல் ஆள் விட்டதுமே அந்த இடம் வேறொருவருக்குப் போயிருக்கும். இரண்டாவது ஆள் விடுவிப்பது அந்த மூன்றாம் ஆளின் இடத்தை. ஒன்றும் அறியாத அவர்தான் விழுவார்.

அதனால் அக்கா ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலும், அதாவது நிரலின் ஒவ்வொரு துண்டுக்கு மேலும், ஒரு வரி எழுதிவைப்பார்: இந்த மெமரி யாருடையது, இதை யார் விடுவிக்க வேண்டும். ரிவ்யூவில் அவர் முதலில் கேட்பதும் அதுதான். டீ கிளாஸை யார் கழுவ வேண்டும் என்றுகூட அக்கா எழுதி ஒட்டுவார் என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். ஆனால் மறுநாளும் எழுதுவார்.

முதலாளி ஏற்படுத்திய ஒரு வழக்கமும் இருந்தது. நிரலை அனுப்பிவைக்க வெளிநாட்டு கிளையன்ட் எங்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு பயனர் பெயர். ஒப்பந்தப்படி அதை அக்கா மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் பயன்படுத்தினோம். யார் எழுதினாலும் அக்கா பெயரில்தான் போகும். பாராட்டு வந்தால் எழுதியவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார். குற்றம் வந்தால் என்ன செய்வது என்று யாரும் பேசி வைக்கவில்லை.

அப்பாவைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அக்கா லீவு போட்டிருந்த ஒரு நாள், அவர் எழுதிய ஃபங்ஷன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை பாதியில் தோற்றால் அது மெமரியை விடுவிக்காமலே திரும்பியது. அக்காவே கோட்டை விட்டிருக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். தோற்றால், இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்ட நிரலே விடுவிக்கும் என்று மேலே எழுதியிருந்தது. அதைப் படிக்கத்தான் செய்தேன். பழைய குறிப்பு, திருத்த மறந்திருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கண்டுபிடித்த பெருமையைப் பங்கு போட மனம் வரவில்லை. விடுவிக்கும் வரி ஒன்றைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். சோதனையில் ஒன்றும் ஆகவில்லை. கேமரா வயர் தளர்ந்தால் மட்டுமே நிரல் அந்தப் பக்கம் போகும்.

இரண்டு மாதம் கழித்து, ஐந்தருவிக் கரையில் நின்றிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. முதலாளி. எடுத்தேன். கிளையன்டின் ஆலையில் கேமராக்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, காரணமான வரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அது அக்கா பெயரில் இருக்கிறது என்று கத்தினார். எந்த ஃபங்ஷன் என்று அவர் சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது: அக்காவின் குறிப்பு சரிதான், ஒரே இடத்தை இரண்டு தடவை விடுவிக்கவைத்தது நான் சேர்த்த வரி. அக்கா பெண்கள் பக்கமிருந்து ஈரத் தலையைப் பிழிந்துகொண்டே சிரித்தபடி வந்தார். "யாருலே போன்ல?" என்றார். சார் பேசினார், திங்கட்கிழமை காலையில் மீட்டிங்காம் என்று மட்டும் சொல்லி போனை நீட்டினேன். கடிகாரம் என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. அவரும் அதைக் கேட்கவில்லை. போனைப் பார்த்தபடியே வண்டிக்கு நடந்தார்.

திங்கட்கிழமை முதலாளி அந்த வரி போன தேதியைச் சொன்னதும், "அன்னைக்கு நான் லீவுல்லா சார்" என்றார் அக்கா. முதலாளி எங்கள் நான்கு பேரையும் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் மனைவிக்கு அது ஏழாம் மாதம். காரணம் என்று அதைச் சொல்ல மாட்டேன், அது சாக்கு. பயந்தேன், அவ்வளவுதான்.

மத்தியானம் அக்கா என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, இத பாத்தா உன் கை மாதிரி இருக்கு. நீதானா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஞாபகம் இல்லக்கா" என்றேன். அக்கா அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "சரி, விடு" என்று தன் இருக்கைக்குப் போய், நான் சேர்த்த வரியை எடுத்துவிட்டு, சரிசெய்ததை அனுப்பினார். ஒரு நிமிட வேலை.

ஒரே பெயரை ஐந்து பேர் பயன்படுத்தினார்கள் என்று முதலாளியால் கிளையன்டிடம் சொல்ல முடியாது. சொன்னால் ஒப்பந்தமே போய்விடும். அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, அது திரையிலேயே இருந்தது. மாதக் கடைசியில் அக்காவை அனுப்பிவிட்டார்கள். அதுவரை தினமும் வந்தார், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இப்போது அந்த இருக்கை எனக்கு. பயனர் பெயரும் என் பெயரில்தான். அதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அக்கா கடையத்தில் ஒரு கணினி வகுப்பில் பள்ளிப்பிள்ளைகளுக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறார். இரண்டு மாதம் முன்பு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒதுங்கிப் போகலாம் என்று திரும்புவதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். "பாப்பா பள்ளிக்கூடம் போவுதாளா?" என்று கேட்டார். அப்பா தவறி ஒரு வருடம் ஆகிறது என்றார். இடது மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடம் நடந்தால் என் அலுவலகம், எடுத்து வந்து கொடுத்திருக்கலாம். ஆனால் கடிகாரத்தைக் கொடுத்தால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். கடையம் பஸ் வந்ததும் ஏறிப்போய்விட்டார்.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் ஸ்டேப்ளர் தேடி என் இழுப்பறையைத் திறந்தாள். வயர்களுக்கு அடியிலிருந்து கடிகாரத்தை எடுத்து, "அண்ணா, இது யாரோடது?" என்று கேட்டாள்.

"என்னுதுதாம்மா" என்றேன்.

அந்த மெல்லிய வாரை ஒரு தடவை, என் மணிக்கட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கடிகாரத்தை இருந்த இடத்திலேயே வைத்து இழுப்பறையை மூடினாள்.