தார் சாலை தொடங்கும் இடம்

மலேசியாவின் அசாம் ஜாவாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கைப்பேசியில் அந்த வண்டியின் படத்தைக் காட்டியபோது மாமா கேட்டது ஒன்றுதான்: "கிளட்ச் இருக்கா?" படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற மோட்டார்ஹோம் அது. ஜெர்மனியில் அதை வாடகைக்கு எடுத்து, ஐரோப்பியக் காற்பந்துப் போட்டி நடக்கும் ஊர்களுக்கு நானும் அவரும் போவதாக ஏற்பாடு. மூன்று ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடைத்திருந்தது. என்னிடம் இருப்பது ஆட்டோமேட்டிக் கார் ஓட்டும் லைசென்ஸ் மட்டும். அதனால் என்ன, மாமா இருக்கிறாரே. அம்மாவின் தம்பி, தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரையும் லோரியையும் இருபத்தைந்து வருடமாக ஓட்டுகிறவர். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அவர் 'டிரைவர்'தான். கியர் வண்டியாகவே பதிவு செய்தேன்.

வெளிநாட்டில் ஓட்டத் தனி அனுமதி வேண்டும், லைசென்ஸைக் கொடுங்கள் என்றேன். சட்டை மாற்றிவிட்டேன், பழைய சட்டைப் பையில் இருக்கிறது என்றார். அடுத்த வாரம் அலமாரியில் எங்கேயோ இருக்கிறது என்றார். மூன்றாவது முறை, அவர் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்கு நானே போய் நின்றேன். எடுத்துக் கொடுத்தார். மோட்டார்சைக்கிள் லைசென்ஸ். கார், லோரி எதற்கும் அவரிடம் லைசென்ஸ் கிடையாது. தோட்டத்து மண் பாதை தோட்டத்துக்கே சொந்தம்; ஆலையும் அதற்குள்ளேயே இருக்கிறது. கேட்டைத் தாண்டி வண்டியைக் கொண்டுபோகும் வேலை அவருக்கு வந்ததே இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். என் விரல்கள் எப்போதுமே என் புத்தியை முந்திக்கொண்டு ஓடும். வீடு வந்து சேர்வதற்குள் குடும்ப வாட்ஸாப் குழுவில், "நம்ம டிரைவருக்கு லைசென்ஸே இல்லையாம்லா" என்று போட்டுவிட்டேன். சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. "அப்ப இத்தன வருசமும் பொம்மை காரா ஓட்டுனாரு?" என்று கலும்பாங்கில் இருக்கும் சித்தி கேட்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் மாமா குழுவிலிருந்து விலகிவிட்டார். மறுநாள் அம்மாவிடம் போன் செய்து, தான் வரவில்லை என்றார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். மோட்டார்சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "தப்புதான் மாமா" என்றேன். "என்னா தப்பு? உள்ளததானே போட்ட" என்றார், தலை நிமிராமல். என் மன்னிப்பு அவரை அசைக்கவில்லை. "நீ போவலன்னா இவ தனியா கெளம்பிருவாடா" என்று அம்மா சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மாற்றிக்கொண்டு நானே ஓட்டினேன். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சந்திப்பிலும் "வலது, வலது" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. என் சின்ன வயதில், தோட்டத்துத் திடலில் கோல் விழுந்தால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோட்டோரம் ஓடிய மனிதர் அவர். இங்கே முதல் இரண்டு ஆட்டங்களிலும் கோல் விழுந்ததும் எழுந்து கத்தினார். என் பக்கம் திரும்பியதும் உட்கார்ந்துகொண்டார். எனக்குச் சுருக்கென்றிருந்தது.

மூன்றாவது ஆட்டத்தன்று ஒரு விவசாயியின் புல்வெளியில் நிறுத்தியிருந்தோம். விடியும்போது மழை பெய்து புல்வெளி சேறாகிக் கிடந்தது. நான் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க முன்சக்கரங்கள் வெறுமனே சுழன்று, இன்னும் கீழே இறங்கின.

"போதும், அதக் கொல்லாத" என்றார் மாமா. இறங்கிப் போய்ச் சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த கிளைகளை இழுத்து வந்து, தோட்டத்தில் செம்பனை மட்டை போடுவது போலச் சக்கரங்களுக்கு முன்னால் குறுக்கே அடுக்கினார். "இதுல ரெண்டாவது கியர்ல வச்சு எடுக்க முடியுமா?" முடியும் என்று காட்டினேன். உடனே ஏறவில்லை. "இது அந்தப் பெரியவரு நெலந்தானே? நான் ஓட்டலாமான்னு கேட்டுட்டு வா." கேட்டு வந்தேன். ஓட்டலாம் என்றதும் மாமா ஏறினார்.

வண்டி முதலில் பின்னால் அரை அடி போனது, பிறகு முன்னால் ஓர் அடி. அப்புறம் கிளைகள் மேல் ஏறி, அவசரமே இல்லாமல், நடந்து போவது போல வாசலை நோக்கிப் போனது. நான் சேற்றில் பின்னாலேயே ஓடினேன். தார் சாலை தொடங்கும் இடத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினார்.

"கொஞ்ச தூரம் ஓட்டுங்களேன் மாமா. ரோட்டுல யாருமே இல்ல."

"எனக்கு இதுவரைக்குந்தான்." என் கால்களில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். அவர் முகத்தில் பல நாளுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "ஏறு டிரைவர், ஆட்டம் ஆரம்பிச்சிரும்."

அன்றைய ஆட்டத்தில் அவர் உட்காரவே இல்லை.

அந்தக் காலையைப் பற்றி நான் எந்தக் குழுவிலும் போடவில்லை. இதை எழுதலாமா என்று கேட்க, போன வாரம் லயத்துக்குப் போனேன். வாசித்துக் காட்டச் சொன்னார். லைசென்ஸ் வரும் இடத்தில் நான் தயங்கியபோது, "அத எடுக்காத, இருக்கட்டும்" என்றார். பிறகு சற்று யோசித்து, "வண்டிய சேத்துல எறக்குனது யாருன்னு மட்டும் தெளிவா போட்டுரு" என்றார்.

நான்தான் இறக்கினேன்.