பாக்கியத்தின் தவலையும் துரையின் ஏரியலும்

1. சுவருக்குப் பக்கத்தில்

ஜப்பான்காரன் காலத்தில் நான் மலாயாவில் குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வயர்மேன். எஞ்சின் கொட்டகையில்தான் வேலை. எனக்கு ஜோடி ஆ சாய். சீனன், ஆனால் தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவான். மத்தியானம் இரண்டு பேரும் அவித்த மரவள்ளிக் கிழங்கை மிளகாய் தொட்டுத் தின்போம். அரிசியைக் கண்ணில் பார்ப்பதே அபூர்வமான காலம் அது. ஆனாலும் அந்தக் கொட்டகையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது. அவனோடு வேலை செய்ததுபோல் பிறகு யாரோடும் எனக்கு அமையவில்லை.

வெள்ளைக்கார மேனேஜர் ஓடிப்போன பங்களாவில் ஒரு ஜப்பான் துரை குடியிருந்தார். அவருடைய ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. ஜப்பான் செய்தி தெளிவாகக் கேட்கவேண்டும், உயரமாக ஏரியல் கம்பம் நடு என்று உத்தரவு. முன்பக்கம் நட்டால் புல்வெளியின் அழகு கெடுமாம். பின்பக்கம் சமையல்கட்டுச் சுவரை ஒட்டி ஓர் இடத்தைப் பூட்ஸ் காலால் தட்டிக் காட்டினார்.

"செப்பாட்! செப்பாட்!"

சீக்கிரமாம். அவருக்குத் தெரிந்த மலாயில் பாதி அந்த ஒரு சொல்தான்.

அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்கு மனசு சரியில்லை. உள்பக்கம், அதே சுவரை ஒட்டிப் போட்ட பலகையில்தான் சமையல்காரி பாக்கியத்தின் இரண்டு பிள்ளைகளும் படுக்கும். அவள் புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு தகவலும் இல்லை. லயத்தில் தனியாக இருக்கப் பயந்து அவள் பிள்ளைகளோடு சமையல்கட்டிலேயே இருந்தாள்.

"நம்ம ஊரு இடி சும்மா விடாதுலா," என்றான் ஆ சாய். "சுத்துவட்டாரத்துல இந்தக் கம்பம்தான் ஒசரம். எர்த் சரியா இல்லன்னா நேரா செவுத்துக்குள்ள பூந்துரும்."

விஷயம் அதுதான். இடியை நம்மால் தடுக்க முடியாது. அதற்கு ஒரு நல்ல வழியைக் காட்டி மண்ணுக்குள் அனுப்பத்தான் முடியும். வழி மோசமாக இருந்தால் அது ஈரச் சுவர், தகரக் கூரை, பக்கத்தில் படுத்திருக்கும் ஆள் என்று தானே ஒரு வழி தேடிக்கொள்ளும். வேறு இடம் கேட்டுப் பார்த்தேன். "பாகேரோ" என்ற வசவோடு கன்னத்தில் ஓர் அறை கிடைத்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

2. மரவள்ளிப் பாத்தி

கம்பத்திலிருந்து கீழே இறக்குவதற்குப் பழைய டைனமோவில் கழற்றிய செம்புப் பட்டை இருந்தது. மண்ணுக்குள் புதைக்கத்தான் ஒன்றும் இல்லை. இரும்புக் கம்பியை அடித்துப் பார்த்தோம். முழங்கை ஆழத்தில் சரளைக்கல். அகலமான செம்புத் தகடு வேண்டும். ஊரில் இருந்த செம்பையெல்லாம் சண்டைக்கென்று வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாக்கியம் பாத்திரம் கழுவிய தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"என்னண்ணே, ரெண்டு பேரும் செவுத்தயே மொறச்சுப் பாக்குறீங்க?"

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு நின்றாள். மரவள்ளிப் பாத்திக்குக் கூட்டிப்போய் இரண்டு செடியைப் பிடுங்கிவிட்டுத் தோண்டினாள். சாக்கில் சுற்றிய செப்புத் தவலை ஒன்று வெளியே வந்தது. அவள் கல்யாணச் சீர். வீடுவீடாகச் சோதனை போட்டபோது புதைத்து வைத்திருக்கிறாள். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும்.

"இது ஆகுமாண்ணே?"

"ஆகும் தங்கச்சி. ஆனா பட்டைய முடுக்க ஓட்டை போடணும். அப்பறம் தண்ணி நிக்காது."

தவலையின் விளிம்பை ஒருமுறை தடவினாள்.

"போடுங்க. அவரு வந்து கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

ஆ சாய் துளை போட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் ஈரமான இடத்தில், கடப்பாரையால் சரளையைப் பெயர்த்து இடுப்பளவு குழி எடுத்தோம். ஈரம் பிடித்துவைக்கத் தவலைக்குள்ளும் சுற்றிலும் அடுப்புக்கரியை இடித்து நிரப்பினோம். வழக்கமாக உப்பும் போடுவோம். மனுஷன் நாக்குக்கே உப்பு இல்லாத காலத்தில் மண்ணுக்கு ஏது? தினமும் அங்கேயே தண்ணீர் ஊற்றச் சொன்னேன், மண் காயக்கூடாது.

குழியை மூடுவதற்குள் துரை வந்துவிட்டார். தவலையைப் பார்த்ததும் முகம் மாறியது. யாருடையது என்று கத்தினார். பாக்கியம் வாசலில் உறைந்துபோய் நின்றாள். ஆ சாய்தான் சட்டென்று குனிந்து வணங்கி, மலாயில் சொன்னான்:

"துவான், ஒங்க ரேடியோவோடது."

இது இல்லாவிட்டால் முதல் இடியிலேயே ரேடியோ கரியாகிவிடும் என்று நானும் சேர்ந்து சொன்னேன். துரை வானத்தைப் பார்த்தார், தவலையைப் பார்த்தார். பிறகு, இங்கே எவனும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

"ஜப்பான்காரனே காவலுக்கு ஒக்காந்துட்டான்," என்றான் ஆ சாய். பாக்கியம் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

3. கம்பம் எழுந்தது

தண்ணீர்க் குழாய்களை ஒன்றோடொன்று முடுக்கிக் கம்பமாக்கி, தரையில் படுக்கவைத்தபடியே எல்லாவற்றையும் கட்டி முடித்து, பிறகு கயிறு போட்டுத் தூக்கினோம். கம்பம் சாய்ந்தாலும் கரண்டுக் கம்பிமேல் விழாத தூரம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொண்டோம். மூன்று பக்கமும் இழுத்துக்கட்ட ஸ்டே வயர். செம்புப் பட்டையைச் சுவரைத் தொடாமல் கட்டை வைத்துத் தள்ளி, எங்கும் மடங்காமல் நேராக இறக்கினோம். இடி வளைவை மதிக்காது, குறுக்கே பாய்ந்துவிடும். ஜன்னல் பக்கம் ஒரு கத்தி சுவிட்ச். ரேடியோ கேட்காத நேரத்தில் ஏரியலை எர்த்தோடு சேர்த்துவைக்க.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், நாங்கள் கொட்டகையில் இருந்தபோது இடி விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. பங்களாப் பக்கம்! மழையில் இரண்டு பேரும் ஓடினோம். அந்தப் பிள்ளைகளைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை.

கம்பத்தின் உச்சி கருகிப்போயிருந்தது. ஏரியலைத் தாங்கிய பீங்கான் இன்சுலேட்டர் வெடித்துச் சிதறியிருந்தது. குழி இருந்த இடத்தில் மண் பிளந்து ஆவி வந்தது. உள்ளே பாக்கியம் இரண்டு பிள்ளைகளையும் இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சின்னது அழுதது. பெரியவள் என்னைப் பார்த்து, "கஞ்சி கொட்டிருச்சு மாமா" என்றாள். ஆ சாய் சுவரில் கை வைத்துப் பார்த்தான்.

"சூடுகூட இல்லலா," என்றான். சொல்லிவிட்டு அவனும் அழுதான்.

4. மண்வெட்டியோடு போன நாள்

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். துரையும் போய்விட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாக்கியத்திடம் ஓடினேன்.

"தவலைய எடுத்துத் தர்றேன் தங்கச்சி. ஓட்டைய ஈயம் வச்சு அடச்சுரலாம்."

அவள் கழுநீர்ச் சட்டியோடு நின்றிருந்தாள். புருஷனைப் பற்றி அப்போதும் தகவல் இல்லை. அவள் வீட்டுப் பொருள் என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"கம்பம் இன்னும் நிக்குதுல்லண்ணே?"

"நிக்குது."

"அப்ப இருக்கட்டும். புள்ளைங்க இன்னும் அங்கதான் படுக்குதுங்க."

சொல்லிவிட்டுச் சட்டித் தண்ணீரை அந்த மண்ணில் ஊற்றினாள்.

அதன்பிறகு எத்தனையோ வீடுகளுக்கு ஏரியல் போட்டிருக்கிறேன். எர்த் எதுக்கு, அந்தச் செலவைக் கழித்துக்கொள் என்று பேரம் பேசாத வீட்டுக்காரர் குறைவு. நான் வாதாடுவதில்லை. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுப்பார்கள் என்று மட்டும் கேட்பேன். அவர் திரும்பிச் சுவரைப் பார்ப்பார். நான் குழி தோண்ட ஆரம்பித்துவிடுவேன்.