நாலு விரல்

வடமாலபேட்டையில் எங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் சித்தப்பாவின் மீன்தொட்டிதான். அதில் மீன் கிடையாது. ஆக்சலாட்டல் என்று தண்ணீரிலேயே வாழும் பிராணி ஒன்று இருந்தது. வெள்ளை உடம்பு, பல்லிக்கால், கழுத்தோரம் சிவப்புச் செவுள்கள், மூடவே தெரியாத கண்கள். பட்டப்பகலிலும் திரை போட்டிருக்கும் அந்த அறைக்குள் நான் எட்டிப் பார்க்குமுன்பே அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். எட்டு வயதில் அதற்குப் பயந்து செத்தேன். ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

தடா பக்கத் தொழிற்சாலையில் இயந்திரம் வலது கைச் சுண்டுவிரலை வாங்கிக்கொண்ட பிறகு சித்தப்பா வேலைக்குப் போகவில்லை. யாரோடும் பேசவுமில்லை. திருப்பதியில் ஒரு கடையில் முன்னங்கால் கடிபட்டுக் கிடந்த இதை வாங்கி வந்தார். வெயிலுக்கு ஐஸான தண்ணீர் பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிடுவார். விழுங்கித் தொலைக்கும் என்று கூழாங்கற்களை அள்ளி எறிந்துவிட்டார். போன கால் மெதுவாக முளைத்துக்கொண்டிருந்தது.

சித்தப்பாவுக்காக அம்மா வேண்டிக்கொண்டு, மலை உண்டியலில் போட நகமளவு வெள்ளிக் கை ஒன்று வாங்கி வைத்திருந்தாள். முளைக்க வைக்கும் சாமி எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளிக் கையைத் தொட்டியில் போட்டுக் கும்பிட்டேன். அது அடியைத் தொடுமுன் வெள்ளை வாய் திறந்து மூடியது.

மறுநாள் அது மண்புழுவைத் தொடவில்லை. சித்தப்பா டார்ச் அடித்துப் பார்த்தார். மெல்லிய வயிற்றுக்குள், ஐந்து விரலையும் விரித்தபடி ஒரு குட்டிக் கை தெரிந்தது. நான் அலறிவிட்டேன்.

"இன்னாத்த போட்ட பாப்பா?" என்றார். மாதக்கணக்கில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

தண்ணீர் டப்பாவில் அதை வைத்து ஃபிரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில் வைத்தார். குளிரில் தானே வெளியே தள்ளிவிடுமாம். "இனிமே அந்தத் தயிர யாரு துன்றது?" என்றாள் அம்மா. அது செத்துவிட்டால் சித்தப்பா மறுபடி வாயை மூடிக்கொள்வார் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் வெள்ளிக் கை வெளியே வந்தது.

கால் வளர்ந்து முடிந்ததும் எண்ணினேன். நாலே விரல். ஒன்றை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று அழுதேன். சித்தப்பா வலது கையைக் கண்ணாடியில் பதித்தார். உள்ளேயிருந்து அதுவும் தன் புதுக் கையை எதிரே ஒட்டியது.

"அய்யே, அழுவாத. இதுக்கு நாலுதான். முழுசா வந்துட்ச்சி."

மறுவாரம் வேலைக்குக் கிளம்பிவிட்டார். எல்லாம் தொட்டிச்சாமியின் அருள் என்று நம்பினேன். அதைச் சொன்னபோது அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.