அரைக் கரண்டி சீனி

சித்தப்பாவைப் பற்றி யாராவது நல்லதாகப் பேசினால் இன்றும் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். நான் செய்து வைத்த வேலை அப்படி.

கப்பலில் சமையல்காரராக இருந்தவர், வேலை போய் ரங்கூனுக்குத் திரும்பி, பபேடானில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் ஏல் என்கிற ஒருவகை பீர் காய்ச்சினார். போட்டாதாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பர்மாக்காரர் ஒருவர், வீட்டுக்கு வந்து குடித்துப் பார்த்துப் பிடித்தால் தொடர்ந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அது நடக்காவிட்டால் சித்தப்பா மறுபடி கப்பலேற வேண்டும். சித்திக்கு அப்போது ஆறாவது மாதம்.

பாட்டிலில் அடைக்கும் நாளில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. உள்ளே இருப்பது தெரியாத கறுப்புக் காலிப் பாட்டில்களில் நான் சீனி போட்டு வைக்க, அவர் பின்கட்டில் ஏலை நிரப்பி மூடி அழுத்துவார்.

"அரைக் கரண்டிதான் பாப்பா. தலைதட்டிப் போடு."

"வர்றவங்களுக்குப் பத்தாதே சித்தப்பா?"

"இது டீ இல்லம்மா. இந்தச் சீனிய உள்ள இருக்கிற ஈஸ்ட் தின்னுரும். தின்னா நுரை வரும். நுரை தொண்டைய லேசாத் தடவணும், அடிக்கக் கூடாது."

எனக்கு மனசு ஆறவில்லை. விருந்தாளி டீயில் சீனி குறைந்தால் மானமே போய்விட்டதாக நினைக்கிற வீடு எங்களுடையது. சித்தப்பாவுக்குக் கை சுருங்கிவிட்டது என்று நானாக முடிவுசெய்து, ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு கரண்டி குவித்துப் போட்டேன். பத்து வயதில் எவ்வளவு பெரிய மனுஷி நான்!

இரண்டு வாரம் கழித்து, சித்திரை வெயிலில், கடைக்காரர் மனைவியோடு வந்தார். முதல் பாட்டிலைத் திறந்ததும் நுரை சீறிக் கூரையில் அடித்து, அந்த அம்மாள் பர்மா வழக்கப்படி கட்டியிருந்த புதுப் பட்டு லுங்கியில் இறங்கியது. அடுத்த பாட்டில் தொடுவதற்கு முன்பே வெடித்தது. சித்தப்பாவின் உள்ளங்கையில் ரத்தம். வந்தவர்கள் மரியாதையாகச் சிரித்து, மரியாதையாக விடைபெற்றுப் போனார்கள்.

சித்தப்பா கையில் துணி சுற்றிக்கொண்டு என்னைக் கேட்டார்.

"எத்தனை கரண்டி போட்ட?"

"அரைக் கரண்டி. தலைதட்டித்தான்."

என் முகத்தையே பார்த்தார். "அப்ப நான் காய்ச்சினதுலதான் கோளாறு," என்றார்.

பின்கட்டில் இன்னொரு டிரம் ஏல் அடைக்கத் தயாராக இருந்தது. அதையும் குளியலறையில் கொட்டினார். நானே சொம்பால் மொண்டு கொடுத்தேன். திட்டு விழவில்லை என்கிற சந்தோஷம் எனக்கு. அடுத்த மாதம் கப்பலேறினார். பிள்ளை பிறந்தபோது அவர் இங்கே இல்லை.

தப்பித்துவிட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த டிரம் தப்பியிருக்கும், அதைக் கடைக்காரருக்கு மறுபடி கொடுத்துப் பார்த்திருப்பார், இங்கேயே இருந்திருப்பார். ஒரு சின்னப் பெண்ணின் பேச்சை நம்பி, ஒரு மனுஷர் தன் கைப்பக்குவத்தையே சந்தேகப்படுவார் என்று எனக்கு அப்போது தெரியாது.