தலையில் தேய்த்த மீன் எண்ணெய்

மலாக்காவிலிருந்து புக்கிட் ரம்பாய்க்கு பஸ் ஓட்டிய மாணிக்கவாசகத்துக்கு, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் போனது. காஜா பேராங் பகுதியில் இருந்த தன் வீட்டு வாசலில், கொடியில் காய்ந்த தன் சட்டையையே மானேஜர் என்று நினைத்து ஒரு நாள் வணக்கம் போட்டார். மனைவி சாரதாம்பாள் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் கம்பெனியில் கண் பரிசோதனை. தேறாவிட்டால் ஸ்டியரிங் போய்விடும், பஸ் கழுவும் வேலைதான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி, விட்டமின் குறைவு என்று சொல்லி மீன் எண்ணெய் போத்தல் ஒன்றைக் கொடுத்தாள். தினம் ஒரு கரண்டி. வெறும் வயிற்றில் கூடாது, நெய்யோ தேங்காய்ப்பாலோ சேர்ந்த சாப்பாட்டோடு குடித்தால்தான் உடம்பில் சேரும் என்றாள். இவரோ லைசென்ஸ் கிடைக்க வேண்டி துக்காங் எமாஸ் தெருக் கோயில் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு சைவமானவர். என்ன சைவம்? எட்டு வருஷமாக ரசமும் அப்பளமும். முருங்கைக்கீரை வைத்தால் மாட்டுத் தீனி என்பார். பாலைக் கண்டால் குமட்டும்.

மருந்தை விட்டுவிடவும் பயம், வாயில் வைக்கவும் பயம். மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை நல்லெண்ணெய் மாதிரி, மீன் எண்ணெயைத் தலையிலும் உள்ளங்காலிலும் தேய்த்துக்கொண்டார். வாய் வழியாகப் போகாத மீன் மீனே இல்லையாம். தோல் குடித்துக் கண்ணுக்கு அனுப்பிவிடுமாம். மூன்று வாரம் தேய்த்தார். தெருப் பூனைகள் பஸ் வரைக்கும் வந்து வழியனுப்பின. கண் மட்டும் அப்படியே இருந்தது. பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கையில், அந்திப்பொழுதில் வாசல் சாக்கடையில் விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வந்தார்.

அன்று சாரதாம்பாள் தட்டு போடவில்லை. சோற்றுப் பானையைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“தலையில அப்பிக்கோங்க.”

“என்னாடி இது?”

“எண்ணெய் தோல் வழியா எறங்குதுல்ல? சோறும் எறங்கும். வாய் எதுக்கு, என்னை ஏசுறதுக்கா?”

முறைத்துப் பார்த்தார். பசி முறைக்க விடவில்லை.

“புள்ளையாரு கேட்டா?”

“நான் ஊத்திக் குடுத்தேன்னு சொல்லுங்க. பாவம் என் தலையில விழட்டும்.”

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி மீன் எண்ணெயை விழுங்கினார். நெய்ச்சோற்றை அதன் பின்னாலேயே தள்ளினாள். பத்து நாளும் எதிரில் நின்று விழுங்க வைத்தாள். பரிசோதனையில் தேறிவிட்டார்.

ஊரில் அவர் சொல்லிக்கொண்டதோ, எல்லாம் எண்ணெய்க் குளியலின் மகிமை என்று. பக்கத்து வீட்டுப் பொன்னுதுரை, தனக்கும் கண் மங்குகிறதென்று, எவ்வளவு எண்ணெய் தேய்ப்பது எனக் கேட்டு வந்தார். சாரதாம்பாள் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சோற்றுப் பானையை எடுக்க உள்ளே போனாள்.