பீலித் தண்ணீர் படாத மீன் தொட்டி

மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோமே, அது ஓய்ந்து அடுத்து வந்த தீபாவளிக்குத்தான் என் மகன் கடல் தண்ணீரைக் கொண்டுவந்தான். வருஷம் கேட்டால் சொல்லத் தெரியாது. லிந்துலை டவுனில் வெறும் கேனை வைத்து இடம் பிடித்துவிட்டு ஆட்கள் கடை வாசலில் குந்தியிருப்போம். மழை வந்தால் கேன் நனையும், நாங்கள் நனைய மாட்டோம். அப்படிக் குந்தியிருந்தபோதுதான் என் சம்சாரம் விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னது. அதனால் அந்த வரிசை மறக்காது.

அவளுக்கு வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்ததிலிருந்து வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். கரண்டியைக் கிட்டே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். உதட்டில் கஞ்சி வழியும், துடைப்பேன். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவளுடைய அம்மாவுக்கு அப்படிக் குழாய் போட்டிருந்ததைப் பார்த்தவள் அவள். எனக்கு மட்டும் அது வேண்டாம் என்று நல்லாயிருந்த காலத்திலேயே சொல்லி வைத்திருந்தாள்.

மகன் நீர்கொழும்புப் பக்கம், வெளிநாட்டுக்கு அலங்கார மீன் அனுப்புகிற இடத்தில் வேலை செய்கிறான். ஒரு தடவை லீவில் வந்தபோது கண்ணாடித் தொட்டியும் நாலைந்து தங்கமீனும் கொண்டுவந்து முன் காம்பராவில் வைத்துவிட்டுப் போனான். அப்போது யாரும் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. நான் கூட, திங்க முடியாத மீனுக்குத் தீனி எதற்கு என்று சத்தம் போட்டேன். நாங்கள் இருக்கிற தோட்டத்து லயத்தில் கூரைத் தகரம் ஒழுகி, கட்டிலை முன் காம்பராவுக்கு நகர்த்திய அன்றுதான் பார்த்தேன். மீன் போகிற பக்கம் அவள் கண்ணும் போனது. மீன் சட்டென்று திரும்பியபோது வாய் லேசாகத் திறந்தது. நான் கரண்டியை வைத்துவிட்டேன். விழுங்கினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாடு மீன் கையில். மீன் மூலையில் போய் நின்றுவிட்டால் அவளும் வாயை மூடிவிடுவாள். லயத்தில் அடுத்த வீட்டில் இருக்கிற தங்கச்சி வந்து தொட்டியை விரலால் தட்டுவாள்.

"ஆடுங்கடி, ஆடுங்க. அண்ணி இன்னும் ரெண்டு வாய் திங்கணும்ல."

தீபாவளி கிட்டே வரும்போது அந்தப் பார்வையும் குறைய ஆரம்பித்தது. தங்கமீன் சலித்துப்போனதோ என்னவோ, கண் கூரைக்குப் போய்விடும். மகனிடம் போனில் சொன்னேன்.

"அப்பா, அம்மா கடலப் பத்தியே சொல்லிகிட்டு இருப்பாங்கல்ல? அவுங்கள அங்க தூக்கிட்டுப் போக ஏலாது. கடல இங்க கொண்டாந்துருவோம். அந்த மீனுங்க நெறமே வேற."

அது உண்மைதான். முன்னேஸ்வரம் கோயிலுக்கு பஸ் பிடித்துப் போன வருஷம் திரும்பி வரும்போது கடற்கரையில் நிறுத்தினார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. எனக்கு வாந்தி. அவள் முழங்கால் வரை சேலையைத் தூக்கிக்கொண்டு நின்றவள், ஹாரன் அடித்து அடித்துத்தான் ஏறினாள். அதற்குப் பிறகு தேயிலை மலையில் அவளோடு நிரை பிடித்துக் கொழுந்து பறித்தவர்கள் எல்லாரும் அந்தக் கடலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள்.

மகன் வந்து தொட்டியைக் காலி செய்தான். பழைய கல், பாசி எல்லாம் வெளியே போனது. தங்கமீன்களை டவுனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் கொடுத்தோம். சவர்க்காரம் போடாமல் கண்ணாடியைக் கழுவி, கடல் மணலும் வெள்ளைக் கல்லும் போட்டு, நீலக் கேன்களில் வந்த கடல் தண்ணீரை ஊற்றினான். இங்கே உள்ள குளிருக்கு அந்த மீன் தாங்காது என்று தண்ணீரைச் சூடாக்குகிற ஒரு குழாயையும் உள்ளே இறக்கினான். உடனே மீன் விடக்கூடாதாம், தண்ணீர் பழக வேண்டுமாம். அந்த வாரங்களில் வெறும் தண்ணீரைக் காட்டிக் கஞ்சி கொடுக்க நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பாதி நாள் உள்ளே போனது ஒரு கரண்டித் தண்ணீர்தான்.

பிறகு மகன் இன்னொரு தடவை லீவில் மீன் கொண்டுவந்தான். செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டை போட்டது இரண்டு, நீலம் ஒன்று. அவள் சத்தம் போட்டாள். அது என்ன சத்தம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அன்றைக்கு ஒரு கோப்பைக் கஞ்சி முழுக்கக் குடித்தாள். தங்கச்சி வாசலில் நின்று அழுதாள்.

மகன் போகும்போது சொன்னான்:

"தண்ணி கொறையும்ப்பா. கொறையக் கொறைய நெரப்பிக்குங்க."

அவ்வளவுதான் சொன்னான். அவனுக்கு அது தினப்படி வேலை. எந்தத் தண்ணீர் என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்களுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. இங்கேயிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் உடம்பெல்லாம் சொறியோடு திரும்பி வந்தால் தண்ணி ஒத்துக்கல என்றுதான் சொல்வோம். ஊர் மாறினால் முதலில் தண்ணீருக்குத்தான் பயப்படுவோம். கடலிலிருந்து வந்த உயிருக்கு மலையில் வடிகிற தண்ணீரைக் கொடுப்பதா? மலை ஊற்றிலிருந்து லயத்துக்கு வருகிற பீலிக் குழாயில் பிடித்த குடம் தொட்டிப் பக்கமே வரக்கூடாது என்று தங்கச்சி சட்டம் போட்டுவிட்டாள்.

"அண்ணே, கைய கழுவுனா நல்லா தொடச்சிட்டுத் தொடுங்க. பீலித் தண்ணி ஒரு சொட்டு பட்டாலும் அதுங்களுக்கு ஆகாது."

சூட்டுக் குழாய் ஓட ஓட, வெளியே குளிர், மேலே ஆவி பறக்கும். தண்ணீர் மளமளவென்று இறங்கும். நாங்கள் கேனைத் திறந்து கடல் தண்ணீரையே ஊற்றுவோம். கேன் தீர்ந்தால் மகனுக்குச் சொல்வேன். கொழும்புக்கு லீக்ஸ், கரட் ஏற்றிக்கொண்டு போகிற லொறி வெறுமனே வரும்போது கொண்டுவந்து போடும். டிரைவர் தம்பிக்குச் சிரிப்பு.

"எல்லாரும் சாமான் கொண்டாரச் சொல்லுவாங்க. பெரியவர் மட்டுந்தான் தண்ணி கொண்டாரச் சொல்றாரு. இங்க எங்க பாத்தாலும் தண்ணிதானே ஓடுது!"

"இது குடிக்கிற தண்ணி இல்லடா."

"அப்ப கொழம்புக்கு ஊத்துங்க, உப்பு மிச்சம்."

கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தது. தை மாசத்தில் தேயிலை மேல் உறைபனி விழுந்து கிடக்குமே, அது மாதிரி. கடல் சாமான் வீணாகக் கூடாது என்று தங்கச்சி அதைச் சுரண்டித் தண்ணீருக்குள்ளேயே போட்டாள். நானும் நல்லது என்றேன்.

முதலில் நீல மீன் கல்லுக்குப் பின்னால் போய் ஒதுங்கியது. பட்டை மீன்கள் ஓடி வந்தவன் மாதிரி வேகவேகமாக மூச்சு வாங்கின. தண்ணீர் பத்தவில்லை போல என்று இன்னும் ஒரு கேன் ஊற்றினோம். நல்ல மனசோடுதான் ஊற்றினேன். இரண்டு நாளில் மூன்றும் மல்லாந்துவிட்டன. அவள் கண் அந்த மூன்றின் மேலேயே இருந்தது. கட்டிலைத் திருப்பிப் போடலாம் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. நானாவிடம் ஓடினேன். அந்தத் தங்கமீன்கள் எப்போதோ விற்றுப்போயிருந்தன. அவர் பாவம், வேறு இரண்டைப் பையில் போட்டுக் கொடுத்தார். போத்தலில் விட்டு முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். போடும்போது இடது கையால் என் சட்டையைப் பிடித்தாள். அந்தக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

காரியம் முடிந்து மகன் தொட்டியைக் கழுவ உட்கார்ந்தான். அடியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"என்னா தண்ணிப்பா ஊத்துனீங்க?"

"நீ அனுப்புன தண்ணிதான். பீலித் தண்ணி ஒரு சொட்டு கூடப் படவிடல."

அவன் விரலைத் துடைத்துக்கொண்டான்.

"பீலித் தண்ணிதான்ப்பா ஊத்தணும். ஆவியாப் போறது வெறுந்தண்ணி. உப்பு உள்ளயே கெடக்கும். கடல் தண்ணிய மேல மேல ஊத்துனா அதுங்க எப்படித் தாங்கும்?"

தங்கச்சி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். விறகு முறிக்கிற சத்தம் நின்றுபோனது.

மகன் வேலை செய்கிற இடத்தில் மலையகத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். நாளைக்கு அவர்களிலும் யாராவது வீட்டுக்கு இப்படி ஒரு தொட்டி கொண்டுவரலாம், அதைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் படுத்திருக்கலாம். உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தொட்டியில் தண்ணீர் இறங்கினால் பயப்படாமல் நல்ல தண்ணீரையே ஊற்றச் சொல்லுங்கள்.