மோத்திக்கு வாங்கிய பிரஷ்

என் தாய்மாமன் கன்னையா பஸ் செக்கர். ஃபிஜியில் நவுசோரிக்கும் தலைநகர் சுவாவுக்கும் நடுவே ஓடும் பஸ்களில் பாதி வழியில் ஏறி டிக்கெட் பார்ப்பார். டிக்கெட் எடுக்காதவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும் வழக்கமே அவருக்கு இல்லை. "எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க, இவரு பஸ் கம்பெனி மாப்பிள்ளை" என்று கடைசி சீட்டு வரை கேட்கும்படி ஹிந்தியில் அறிவிப்பார். தன்னை யாரும் அப்படிப் பார்த்துவிடக் கூடாது என்பதிலும் அவருக்கு அதே அளவு கவனம் உண்டு. தேய்ந்துபோன செருப்போடு கடைக்குக்கூடப் போக மாட்டார்.

வடக்குத் தீவின் லம்பாசாக் கரும்புக் காட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். படித்த வருஷங்களில் சுவாவை ஒட்டிய சமபுலாவில் மாமா வீட்டில் தங்கினேன். அப்போதுதான் இரண்டாயிரத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு வந்தது. சுவாவில் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரின் கடைகள் எரிந்தன. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. மாமாவின் மகள் உர்மிளாவும் மருமகனும் ஆக்லாந்துக்குக் கிளம்பினார்கள். சின்னப் பேத்தியைப் பார்த்துக்கொள்ள ப்ரேமிலா மாமியும் கூடப் போனாள். உர்மிளாவின் நாய் மோத்தி மட்டும் தங்கிவிட்டது. "வீடு பாத்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன் பப்பா" என்றாள் அவள்.

மோத்தி வெள்ளை நிறம், குட்டை உருவம். தரையைத் துடைக்கும் அளவுக்கு நீள முடி. எங்கள் பக்கத்தில் நாய் என்றால் வீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு மிச்சச் சோற்றைத் தின்னும். அதற்குத் தலை சீவுகிற ஆளை யாரும் கண்டதில்லை. உர்மிளா கிளம்பும் அவசரத்தில் அதன் பிரஷ்ஷையும் சீப்பையும் எங்கோ மூட்டைக்குள் வைத்துவிட்டாள். விமான நிலையத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நாய்க்குன்னு கேட்டு வாங்குங்க பப்பா. மெல்லிசுக் கம்பி வச்ச பிரஷ் ஒண்ணு, அகலப் பல்லு இரும்புச் சீப்பு ஒண்ணு. மேலால தடவினா போதாது. முடியைப் பிரிச்சு, தோல் தெரியற வரைக்கும் சீவணும்."

"சரிம்மா, சரிம்மா" என்றார் மாமா, யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தபடி.

தெருமுனையில் இருந்த பல்ராமின் கடைக்கு அவர் போனபோது நானும் கூட இருந்தேன். பெஞ்சில் எங்கள் தெரு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பிரஷ்ஷு. முடி சீவுறது" என்றார் மாமா.

பல்ராம் மாமாவின் வழுக்கையைப் பார்த்தார். "அரே கன்னையா, உன் தலையில சீவ என்னய்யா இருக்கு? ஃபுட்பால் கிரவுண்டு மாதிரி இருக்கு!"

பெஞ்சு சிரித்தது. மாமாவின் காது சிவந்தது. "பேத்திக்கு. ஆக்லாந்துக்கு அனுப்பணும்" என்றார்.

உடனே எல்லோர் முகத்திலும் மரியாதை வந்தது. பல்ராம் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ரோஜா நிறத்தில், பூப் படம் போட்ட, மெத்தென்ற பிரஷ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "குழந்தைத் தலை, உறுத்தாது" என்றார்.

கம்பி பிரஷ் இருக்கிறதா என்று மாமா கேட்கவில்லை. கேட்டால், பேத்திக்கு எதற்குக் கம்பி என்று அடுத்த கேள்வி வரும்.

வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் சீவுவார். சனிக்கிழமை மோத்தியைக் குளிப்பாட்டி, ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவி, அந்த ரோஜா பிரஷ்ஷால் வாரிவிடுவார். மேல்முடி பட்டுப் போலப் பளபளக்கும். "பாருடா, எப்படி இருக்கு!" என்பார் என்னிடம். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நாளில் மோத்தி காதைத் தொட்டால் உறும ஆரம்பித்தது. "மகளை நினைச்சுக்கிட்டு கோவம்" என்றார் மாமா. ஒவ்வொரு ஞாயிறும் போனில், "உன் நாய் ராஜா மாதிரி இருக்கு" என்று சொல்வார்.

அடுத்த ஆகஸ்டில் உர்மிளா வந்தாள். மோத்திக்கும் விமானத்தில் இடம் வாங்கிவிட்டிருந்தாள். மிருக வைத்தியர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

வாசலில் மோத்தி அவள் மடியில் தாவியது. கொஞ்சியபடியே காதுக்குப் பின்னால் விரலை விட்டவள் சட்டென்று நிறுத்தினாள். விரல் உள்ளே போகவில்லை. மேல்முடியை விலக்கினாள். அடியில் முடி முடியாகவே இல்லை. ஈரத்திலும் எண்ணெயிலும் இறுகி, பழைய கம்பளி போலத் தோலோடு ஒட்டிக் கிடந்தது. வயிற்றிலும் தொடையிலும் அப்படியே. நாற்றம் வந்தது.

"எதால சீவினீங்க பப்பா?"

மாமா உள்ளே போய் ரோஜா பிரஷ்ஷை எடுத்து வந்து நீட்டினார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பொம்பளைப் பிள்ளைங்க பிரஷ். நாய்க்குன்னு கேட்டீங்களா?"

மாமா பிரஷ்ஷைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

"கேட்டீங்களா இல்லையா?"

"பல்ராம் கடையில ஆளுங்க இருந்தாங்கம்மா..."

வைத்தியர் ஷரீன் மிஷின் வைத்து எல்லாவற்றையும் வழித்து எடுத்தார். முடி ஒரே விரிப்பாகக் கழன்று வந்தது. உள்ளே தோல் சிவந்து, தொடையிடுக்கில் புண் ஈரமாக இருந்தது. வலித்துத்தான் உறுமியிருக்கிறது. "இது ஆறாம நான் ஏத்திவிட முடியாது" என்றார் டாக்டர். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பூனைப் படம் போட்ட ஒரு காலண்டர் தொங்கியது.

உர்மிளா தனியாகத் திரும்பிப் போனாள். கிளம்பும்போது கத்தவில்லை. "எனக்காக ஒரு நிமிஷம் வெக்கப்பட்டிருக்கக் கூடாதா பப்பா?" என்று மட்டும் கேட்டாள். அன்று மாமா வேலைக்குப் போகவில்லை.

புண்ணுக்குக் கட்டு மாற்ற மோத்தியை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வழி பல்ராம் கடையைத் தாண்டித்தான். சுற்றிப் போகலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். மொட்டை நாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வருவதைப் பார்த்ததும் பெஞ்சு எழுந்தே நின்றுவிட்டது. யாக்கோனா வேர்ப்பானம் கலக்கிக்கொண்டிருந்த ஒருவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கன்னையா! நாய்க்கே மொட்டை போட்டுட்டியா? மாரியம்மாவுக்கு வேண்டுதலா?" என்றார் பல்ராம்.

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாம். கோயில் பேச்சு வந்தால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். மாமா நின்றார்.

"வேண்டுதல் இல்ல. சிக்கு. அன்னிக்கு வாங்கின பிரஷ் இதுக்குத்தான். உங்க முன்னால நாய்க்குன்னு சொல்ல முடியல. அதான் இப்படி."

யாரும் சிரிக்கவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். பல்ராம் மோத்தியின் தொடையில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "என்கிட்ட அந்தக் கம்பி பிரஷ் கிடையாது, பாயி. நவுசோரியில தீவனக் கடையில கேட்டுப் பாரு" என்றார்.

"என்னான்னு கேக்கணும்?" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல், இன்னும் விளையாட்டு விடாமல்.

"நாய்க்குன்னு" என்றார் மாமா. மோத்தியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, தலை குனிந்தபடி நடந்தார்.